தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதை: சொதப்புன ரேஸ்லருந்து டாக்டிக்ஸ் கத்துக்கறது எப்படி

ரேஸ் முடிஞ்சு சைக்கிள சாய்ச்சு வெச்சுட்டு மூச்சு வாங்கிட்டு நிக்கறப்போ என்னாச்சுன்னு கேட்டவங்க எல்லார்கிட்டயும் ஒரே கதைய தான் சொன்னேன், கடைசி ஸ்பிரின்ட்ல மாட்டிக்கிட்டேன், வலது பக்கம் வழி கிடைக்கல, கிடைச்சிருந்தா டாப் 10 கன்ஃபார்ம்னு. ரிசல்ட் 31வது. சுமார் 60 பேர் ஸ்டார்ட் பண்ண ரேஸ்ல 31. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன மாதிரி தான், ஆனா அன்னிக்கு எனக்கே அது முழு உண்மைன்னு தோணுச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, சைக்கிள் கம்ப்யூட்டர் பதிவு பண்ண ரேஸ் ஃபைல திறந்து பாத்தா கதை வேற. அந்த ஸ்பிரின்ட்டே 6வது இடத்துக்கு தான் நடந்திருக்கு. ஜெயிச்சவன் அதுக்கு 50 செகண்ட் முன்னாடியே லைன் தாண்டி போயிட்டான். நான் தோத்தது கடைசி 200 மீட்டர்ல இல்ல, அதுக்கும் 30 கிலோமீட்டர் முன்னாடி, கையில தண்ணி பாட்டிலோட. அத கண்டுபிடிச்ச விதத்த தான் இங்க எழுதறேன், உங்களுக்கும் ஒரு ரேஸ் இப்படி போயிருந்தா இதே வரிசையில பண்ணி பாருங்க.

ஃபைல திறக்கறதுக்கு முன்னாடி

முதல் வேலை, ரைட் டேட்டா காட்டற ஸ்ட்ராவா, கார்மின் ஆப் எதையும் அன்னிக்கு தொடாதீங்க. ஜெர்சி கூட மாத்தாம போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி ஞாபகத்துல இருக்கறத பேசிடுங்க, ஏன்னா ராத்திரி தூங்கி எந்திரிச்சா மண்டை அதுக்கு தோதா கதைய திருத்தி வெச்சுரும், அதுல நீங்க எப்பவுமே பாவப்பட்டவரா தான் இருப்பீங்க. எப்படி ஃபீல் ஆச்சுங்கறத பேச வேண்டாம், அது ஒண்ணுக்கும் உதவாது. ஒவ்வொரு லேப்லயும் கூட்டத்துல நான் எங்க இருந்தேன், காத்து எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு, யார் அட்டாக் அடிச்சாங்க (திடீர்னு வேகம் ஏத்தி கூட்டத்த விட்டு ஓடறது), அப்போ நான் என்ன பண்ணிட்டு இருந்தேன், என்ன நினைச்சேன். அவ்ளோ தான்.

ஞாபகம் இல்லாத இடத்துல "தெரியல"ன்னே சொல்லுங்க. என் ரெக்கார்டிங்ல நாலாவது லேப் பத்தி நான் சொன்னது மொத்தமே ஒரு வரி தான், "நாலாவது லேப்ல ஒண்ணும் பெருசா நடக்கல". ரேஸே அங்க தான் முடிஞ்சிருக்கு! உங்க ஞாபகத்துல ஓட்டையா இருக்கற இடம் தான் பெரும்பாலும் நீங்க தேட வேண்டிய இடம், அத குறிச்சு வெச்சுக்கோங்க.

காலா, தலையா

அடுத்து, தோத்தது கால் பத்தாமலா இல்ல தலை பத்தாமலான்னு பிரிக்கணும். இத பிரிக்காம டாக்டிக்ஸ் பேசறதுல அர்த்தமே இல்ல, ஏன்னா மேட்டுல எல்லாரும் உங்கள விட வேகமா ஏறுனா அதுக்கு மருந்து ட்ரெயினிங் தான், சாமர்த்தியம் இல்ல. அதே மாதிரி சாப்பாடும். மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட்டாவது உள்ள போச்சான்னு பாருங்க, அது போகாம கடைசி அரை மணி நேரம் கண்ணு இருட்டுச்சுன்னா அத டாக்டிக்ஸ் கணக்குல எழுதாதீங்க.

நான் பண்ண டெஸ்ட் ரொம்ப சிம்பிள். பிரேக்ல, அதாவது கூட்டத்த விட்டு தப்பிச்சு முன்னாடி போன குரூப்ல, இருந்த 5 பேர்ல 2 பேரோட நான் வாரா வாரம் ஓட்டறேன், மேட்டுல மூணு பேரும் ஒரே லெவல் தான். பிரேக் போன நிமிஷத்துல என் ஹார்ட் ரேட் 158, எனக்கு மேக்ஸ் 186. அப்போ கால்ல சரக்கு இருந்துச்சு, ஆனா நான் அங்க இல்ல. தலை தான் தோத்துச்சு.

ஃபைல்ல ஆவரேஜ பாக்காதீங்க

நம்மள்ல முக்காவாசி பேர் பண்ற தப்பு இது, ஆவரேஜ் ஸ்பீட், ஆவரேஜ் வாட்ஸ் (பெடல மிதிக்கற பவர்), ஸ்க்ரீன்ஷாட், முடிஞ்சு போச்சு. 72 கிலோமீட்டர், 12 கிலோமீட்டர் லேப் ஆறு, ஒரு மணி 49 நிமிஷம், ஆவரேஜ் 198 வாட்ஸ். இத வெச்சு ஒண்ணும் தெரியாது. பாக்க வேண்டியது முள்ளு மாதிரி நிக்கற உச்சங்கள. எத்தன தடவ 500 வாட்ஸ தாண்டுனீங்க, எங்க தாண்டுனீங்க, எதுக்கு தாண்டுனீங்க. ரேஸ் ஓட்டறவங்க இத மேட்ச்னு சொல்லுவாங்க, தீக்குச்சி, பெட்டியில எண்ணி தான் இருக்கும், ஒண்ணு கொளுத்துனா ஒண்ணு குறையும்.

எனக்கு 71 தடவ. எனக்கு முன்னாடி பத்து பதினஞ்சாவது இடத்துலயே உக்காந்து வந்த ஃப்ரெண்டோட ஃபைல வாங்கி பாத்தேன், அதே எடை, அதே ஆவரேஜ் ஸ்பீட், அவனுக்கு 34. மிச்ச 37 குச்சிய நான் எங்க கொளுத்துனேன்னு தேடுனா, அட்டாக்கும் இல்ல மண்ணும் இல்ல, பாதி திருப்பத்துல, மிச்சம் கூட்டத்துல முன்னாடி ஏறறதுல.

அது எப்படின்னா, கூட்டத்தோட முன்பக்கம் திருப்பத்த மணிக்கு 32 கிலோமீட்டர்ல எடுக்கும், வால் பக்கம் எல்லாரும் பிரேக் புடிச்சு புடிச்சு 25க்கு வந்துரும். வெளிய வந்ததும் எல்லாருக்குமே 40க்கு போகணும். நானும் சைக்கிளும் சேந்து 84 கிலோ, 25லருந்து 40க்கு 6 செகண்டுல ஏத்தணும்னா கணக்குப்படி 500 வாட்ஸுக்கு மேல வேகம் ஏத்தறதுக்கே போகுது, காத்து கணக்கு தனி. 32லருந்து ஏத்துறவனுக்கு அதே 6 செகண்டுல 310 போதும். லேப்புக்கு 3 திருப்பம், 6 லேப், 18 தடவ. பின்னாடி ஜாலியா ரெஸ்ட் எடுத்துட்டு வர்றோம்னு நான் நினைச்சுட்டு இருந்தது, உண்மையில தவணையில கடன் கட்டிட்டு வந்தது.

பவர் மீட்டர் இல்லன்னா பரவால்ல, ஸ்பீட் கிராஃப் போதும். திருப்பத்துக்கு திருப்பம் பள்ளம் எவ்ளோ ஆழமா இருக்குன்னு பாருங்க. ஆழம்னா நீங்க வால்ல இருந்தீங்க.

முன்னாடி போறது எப்பங்கறதும் ஒரு விஷயம். நான் ஒவ்வொரு தடவயும் வேகம் ஏறுனப்புறம் தான் பயந்து போய் முன்னாடி ஏறி இருக்கேன், அதுவும் கூட்டத்துக்கு வெளிய, காத்துல. காத்த தள்ளறதுக்கு வேண்டிய பவர் வேகத்தோட கன அளவுல ஏறும், 36லருந்து 40க்கு போனாலே காத்துக்கு மட்டும் 37 சதவீதம் கூட. கூட்டம் சோம்பலா உருள்ற நேரம், எல்லாரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துட்டு இருக்கற நேரம், அப்போ ஏறுங்க, கிட்டத்தட்ட ஓசி. மேடு வருதுன்னா அடியிலயே முதல் 10 பேர்ல இருந்தா, கால் கொஞ்சம் இழுத்தாலும் ஒவ்வொருத்தரா உங்கள தாண்ட விட்டு மேல போறப்போ இன்னும் கூட்டத்துக்குள்ளயே இருப்பீங்க.

ரீவைண்ட்: நாலாவது லேப், மேட்டு உச்சி

இப்போ ரெக்கார்டிங்ல இருக்கற ஓட்டையையும் ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஃபினிஷ்லருந்து பின்னாடி போங்க. 31வது ஏன்? ஸ்பிரின்ட்ல கால் இல்ல. ஏன் இல்ல? அதுக்கு முன்னாடி ஒண்ணரை லேப் முன்னாடி நின்னு துரத்தினேன். ஏன் துரத்துனேன்? பிரேக்ல நான் இல்ல. ஏன் இல்ல? இப்படி ஏன் ஏன்னு கேட்டுட்டே போனா ஒரு இடத்துல "அப்போ நான் வேற மாதிரி பண்ணிருக்கலாம்"னு ஒரு பதில் வரும், அங்க நில்லுங்க.

எனக்கு அது மேட்டு உச்சி. 1.2 கிலோமீட்டர் மேடு, கொடுமையான மேடு எல்லாம் இல்ல, ஆனா நாலாவது தடவ ஏறறப்போ எல்லாருக்கும் வாய் தொறந்துருச்சு. உச்சி வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு, வலது கை ஹேண்டில்பார்லருந்து கீழ போய் பாட்டில உருவுச்சு, பல்லால மூடிய இழுத்தேன், தலைய தூக்கி ரெண்டு மொடக்கு. தலைய இறக்குனப்போ எனக்கு முன்னாடி இருந்த ஆளோட பின் டயருக்கும் என் முன் டயருக்கும் நடுவுல ஒரு சைக்கிள் நீளம் இருந்துச்சு. பாட்டில கூண்டுல திரும்ப செருகறதுக்குள்ள, ஒரு தடவ குறி தப்பி ஃப்ரேம்ல இடிச்சு ரெண்டாவது தடவ தான் உள்ள போச்சு, அது அஞ்சு நீளம் ஆகிருச்சு. அதுக்கும் முன்னாடி அஞ்சு முதுகு, குனிஞ்சு, பெடல்ல எழுந்து நின்னு.

கணக்கு பாருங்க. அவங்க 46ல, நாங்க 38ல. வித்தியாசம் 8, அதாவது செகண்டுக்கு 2.2 மீட்டர். 10 செகண்டுல 22 மீட்டர், இது வரைக்கும் ஒரு நல்ல உதை விட்டா ஒட்டிக்கலாம். 30 செகண்டுல 67 மீட்டர், இத தனியா மூடணும்னா அந்த அஞ்சு பேர விட நீங்க ஒருத்தர் வேகமா போகணும், அவங்க மாறி மாறி இழுக்கறாங்க, நீங்க மொத்த காத்தையும் ஒத்த ஆளா வாங்குறீங்க. நான் அந்த முதல் 10 செகண்டுல "யாராவது போவாங்க"ன்னு பக்கத்துல பாத்தேன். பக்கத்துல இருந்தவனும் என்ன பாத்தான்.

இதுல காத்து வேற. உச்சி தாண்டி 3 கிலோமீட்டர் வெட்டவெளி, இடது பக்கம் இருந்து காத்து. பக்கக் காத்துல மறைப்பு முன்னாடி ஆளுக்கு நேர் பின்னாடி இருக்காது, வலது பின்பக்கமா சரிவா இருக்கும், அதனால எல்லாரும் விசிறி மாதிரி ரோட்டுக்கு குறுக்க விரியணும், ரோடு முடியற இடத்தோட மறைப்பும் முடிஞ்சிரும். எங்களுக்கு பாதி ரோடு தான் விட்டிருந்தாங்க, ஒரு விசிறிக்கு 5 பேருக்கு மேல இடம் இல்ல. ஆறாவது ஆள் ரோட்டு ஓரத்துல வெள்ளக் கோட்டு மேல காத்து வாங்கிட்டு சாக வேண்டியது தான். பிரேக்ல சரியா 5 பேர் போனது தற்செயலோ என்னவோ, ஆனா அந்த இடத்துல 5 தான் கொள்ளும்.

பெரிய ப்ரோ ரேஸர்களுக்கே இதான் நிலைமை. 2013 டூர் டி பிரான்ஸ்ல 13வது ஸ்டேஜ், தட்டையான ரோடு, யாரும் பெருசா எதிர்பாக்காத நாள், பக்கக் காத்துல கூட்டம் துண்டு துண்டா உடைஞ்சு மஞ்ச ஜெர்சில, அதாவது மொத்த ரேஸ்லயும் முதல் இடத்துல இருந்த ஃப்ரூம், போட்டியாளர் கோன்டடோர் போன குரூப்ப விட்டுட்டு 1 நிமிஷம் 9 செகண்ட் இழந்தாரு. மலையில அவர அசைக்க முடியல, தட்டையான ரோட்டுல காத்து அசைச்சுருச்சு. 2020 டூர்ல 7வது ஸ்டேஜ்ல போகச்சார் இதே மாதிரி 1 நிமிஷம் 21 செகண்ட் விட்டாரு, அந்த டூர ஜெயிச்சதும் அவரே தான்ங்கறது வேற விஷயம். அதனால ரேஸுக்கு முந்தின நாள் மேப்ப எடுத்து காத்து எந்த பக்கம்னு பாத்து, எந்த திருப்பத்துக்கு அப்புறம் பக்கக் காத்து ஆரம்பிக்குதோ அத பேனால வட்டம் போடுங்க. அந்த வட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே நீங்க முதல் 10ல இருக்கணும். எனக்கு வட்டம் மேட்டு உச்சியில வந்திருக்கும். நான் வட்டமே போடல.

துரத்துனது யாருக்காக

பிரேக் போனப்புறம் நான் பண்ணது தான் பெரிய கூத்து. ஃபைல்ல பாத்தா அடுத்த ஒண்ணரை லேப்ல மொத்தம் 11 நிமிஷம் நான் கூட்டத்துக்கு முன்னாடி நின்னு இழுத்திருக்கேன். ரிசல்ட் ஷீட்ட எடுத்து பேருக்கு பக்கத்துல டீம் பேர பாருங்க, அப்போ தான் புரியும். அந்த 5 பேர்ல 2 பேர் ஒரே டீம், அந்த டீம்ல இன்னும் 4 பேர் எனக்கு பின்னாடி வீல் புடிச்சு, காத்து மறைப்புல ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அவங்க இழுக்க மாட்டாங்க, ஏன் இழுக்கணும். இன்னொரு டீமுக்கும் முன்னாடி ஆள் இருந்தான். ஆக துரத்தணும்னு தேவை இருந்தது எங்க மாதிரி தனி ஆளுங்களுக்கு மட்டும், அதுல வேல செஞ்ச இளிச்சவாயன் நான். பின்னாடி உக்காந்து வர்றவனுக்கு மூணுல ஒரு பங்கு வரைக்கும் மிச்சம், அந்த மிச்சத்த எல்லாம் கடைசி ஸ்பிரின்ட்ல என் மேலயே செலவு பண்ணாங்க.

பழைய பிரெஞ்சு ரேஸர், அப்புறம் டிவி கமென்டேட்டர் ஆனவர் ரொபேர் ஷப்பாட் சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு, பிரேக் தப்பிக்கணும்னா மிச்சம் இருக்கற ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 நிமிஷம் கையில இருக்கணும்னு. அது டீம் முழுசா வரிசை கட்டி துரத்தற ப்ரோ ரேஸுக்கு. நம்ம மாதிரி ஆளுங்க ரேஸ்ல ஒழுங்கா துரத்த ஆளே கிடையாது, அதனால என் கணிப்புல பாதி இருந்தாலே போதும், போயிருச்சுன்னு வெச்சுக்கலாம். எங்களுக்கு 10 கிலோமீட்டர் இருக்கறப்போ கேப் 55 செகண்ட். அப்பவும் நான் புடிச்சிரலாம்னு இழுத்துட்டு இருந்தேன்.

ரெண்டு வழி தான் இருந்துச்சு. கேப் சின்னதா இருக்கறப்போவே இன்னும் ரெண்டு தனி ஆளுங்கள கூட்டிட்டு தாவறது, இல்ல பிரேக் போச்சுன்னு ஒத்துக்கிட்டு 6வது இடத்துக்கு கால சேத்து வெக்கறது. நான் ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வெச்சேன்.

முன்னாடி எத்தன பேர் இருக்காங்கன்னே எனக்கு சரியா தெரியல, மூணு பேர்னு நினைச்சுட்டு இருந்தேன், இதையும் ரெக்கார்டிங்ல சொல்லிருக்கேன். இதுல எனக்கு ஆறுதல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஜூலை 25 பெண்கள் ரோடு ரேஸ், 137 கிலோமீட்டர். ஆஸ்திரியாவோட ஆனா கீசன்ஹோஃபர், கணிதத்துல டாக்டரேட், அப்போ ப்ரோ டீம் கான்ட்ராக்ட் கூட கிடையாது, ஸ்டார்ட்லயே பிரேக் போயி கடைசில தனியா வந்து தங்கம் அடிச்சாங்க. 1 நிமிஷம் 15 செகண்ட் கழிச்சு ரெண்டாவதா வந்த நெதர்லாந்து ஃபான் ஃப்ளூட்டன் தான் ஜெயிச்சதா நினைச்சு கைய தூக்குனாங்க. ஒலிம்பிக்ஸ்ல டீம் கூட பேசற ரேடியோ கிடையாது, முன்னாடி ஒருத்தர் இருக்காங்கன்னு பின்னாடி பாதி பேருக்கு தெரியல. நமக்கும் ரேடியோ கிடையாது. அதனால லேப் ரேஸ்னா ஒவ்வொரு லேப்லயும் ஒரே இடத்துல, யு டர்ன் இருந்தா அங்க, எதிர்ல வர்றவங்கள விரல் விட்டு எண்ணுங்க, ரோட்டோரம் தெரிஞ்சவங்க யாராவது நின்னா முன்கூட்டியே சொல்லி வெச்சு ஆள் எண்ணிக்கையும் கேப்பையும் கத்த சொல்லுங்க. "கமான் கமான்"னு கத்தறதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஸ்பிரின்ட் பத்தி பெருசா சொல்ல எனக்கு தகுதி இல்ல. எதிர்காத்துனா லேட்டா கிளம்புங்க, பின்காத்துனா கொஞ்சம் சீக்கிரம் கிளம்பலாம், 60 கிலோமீட்டர் வேகத்துல 200 மீட்டர்னா 12 செகண்ட் தான், அதுக்கு மேல முழு வேகத்துல இழுக்க என்னால முடியாது. நான் 350 மீட்டர் இருக்கறப்போவே கிளம்பினேன். விடுங்க.

ஜெயிச்சவங்ககிட்ட கேளுங்க

வெக்கமா இருக்கும், பரவால்ல. தோத்தவங்ககிட்ட கேட்டா புலம்பல் தான் வரும், முன்னாடி போனவங்களுக்கு தான் ரேஸ் எப்படி உடைஞ்சுதுன்னு தெரியும். அந்த பிரேக்க ஆரம்பிச்சது எங்களோட ஓட்டற ஒரு அண்ணன் தான், நாப்பது வயசுக்கு மேல, என்ன விட வாட்ஸ் கம்மி. ஃபோன் பண்ணேன்.

"அண்ணே, அந்த இடத்துல எதுக்கு அடிச்சீங்க? மேட்டுல அடிச்சிருந்தா இன்னும் கேப் கிடைச்சிருக்குமே?"

"மேட்டுல எல்லாரும் முழிச்சுட்டு இருப்பாங்க தம்பி. உச்சில தான் தூங்குவாங்க. மொத ரெண்டு லேப்பும் பாத்தேன், நீ உச்சில பாட்டில எடுத்த. மூணாவது லேப்லயும் எடுத்த. பக்கத்துல ரெண்டு பேர் ஜெல் பிரிப்பாங்க. நாலாவதுல நீ கைய கீழ கொண்டு போனத பாத்துட்டு தான் கிளம்பினேன்."

கொஞ்ச நேரம் எனக்கு பேச்சே வரல.

ஒரே ஒரு விஷயம்

இவ்ளோ கண்டுபிடிச்சதும் பத்து ரூல் எழுத தோணும், நானும் எழுதுனேன், கிழிச்சு போட்டேன். 170 ஹார்ட் ரேட்ல மண்டையில ஒண்ணு தான் நிக்கும். பின்னாடி போன அந்த ஏன் ஏன் சங்கிலியில எது முதல் கண்ணியோ அத மட்டும் எடுங்க, அத ஒரு வேலையா எழுதுங்க. "நல்ல பொசிஷன்ல இரு"ங்கறது வேலை இல்ல, ஆசை. "மேட்டு அடிவாரத்துக்கு முன்னாடி குடி, உச்சில ரெண்டு கையும் பார்ல"ங்கறது வேலை. ஹேண்டில்பார் நடுவுல இருக்கற ஸ்டெம்ல வெள்ள டேப் ஒட்டி "அடிவாரத்துல குடி"ன்னு மார்க்கர்ல எழுதிட்டேன், பாக்கறவங்க சிரிக்கறாங்க.

அப்புறம் அத குரூப் ரைட்ல பழகுங்க, ரேஸ்ல போய் முதல் தடவ பண்ணா வராது. நாங்க ஒரு விளையாட்டு வெச்சிருக்கோம், ஒவ்வொரு உச்சியிலயும் யாராவது ஒருத்தர் சொல்லாம கொள்ளாம அட்டாக் அடிக்கணும், 10 செகண்டுக்குள்ள யார் வீல் புடிக்கலயோ அவங்க அடுத்த 5 நிமிஷம் முன்னாடி இழுக்கணும். மூணு வாரத்துல என் கை தானாவே உச்சில பாட்டில் பக்கம் போறத நிறுத்திருச்சு. திருப்பத்துக்கும் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, முன்னாடி ஆளோட டயர பாக்காம அவருக்கும் ரெண்டு ஆள் முன்னாடி பாத்து ஓட்டிப் பழகுனா பிரேக் புடிக்கறது பாதியா குறையும்.

அடுத்த ரேஸ்ல உச்சில ஒருத்தன் அடிச்சான், ரெண்டு கையும் பார்ல இருந்துச்சு, அவன் வீல புடிச்சுட்டேன், ஒரே சந்தோஷம். திரும்பி பாத்தா எங்க கூட வந்தது மொத்தம் ரெண்டே பேர், பெரிய டீம் ரெண்டுலயும் ஒரு ஆள் கூட இல்ல, அதனால அந்த ரெண்டு டீமும் சேந்து மாறி மாறி இழுத்து 3 கிலோமீட்டர்ல எங்கள முழுங்கிருச்சு. ரெக்கார்டிங் பண்ணி வெச்சிருக்கேன், ஃபைல இன்னும் திறக்கல.